மேலே பனி, கீழே ஆறு

(மொன்றியல் மண்டபம் ஒன்றில் ஒரு ஜனவரி மாலையில் தமிழர் அவையின் முன் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுதான்: நடுக்குளிர்காலத்தில், நம் நகரத்து செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் பனித்தளத்தின் மேல் நின்று மீன் பிடிப்பது.

இதில் ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு துளை, ஒரு தூண்டில், கொடுத்துவைத்திருந்தால் ஒரு மீன். வேறென்ன? ஆனால் அந்தத் துளைக்குள் குனிந்து பாருங்கள். அதற்குள் இயற்கையின் விதி இருக்கிறது. இந்த நகரத்தின் வரலாறு இருக்கிறது. மனிதன் போட்ட சட்டமும் இருக்கிறது, மனிதன் விட்ட கழிவும் இருக்கிறது. ஆகவே இன்று மூன்றைப் பற்றிப் பேசுவேன். முதலாவது, பனி. இரண்டாவது, மீன். மூன்றாவது, நீர். இந்த மூன்றையும் சேர்த்துக் கட்டும் ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்: ஆற்றின் மேல் நிற்பவர் மேலே தெரிவதை நம்பி நிற்கக் கூடாது, கீழே ஓடுவதை அறிந்து நிற்க வேண்டும்.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். நாம் வாழ்வது ஒரு தீவில். பாலம் ஏறி வேலைக்குப் போய், பாலம் ஏறி வீடு திரும்பும் அவசரத்தில் அதை மறந்துவிடுகிறோம். அட்லாண்டிக் கடலிலிருந்து ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் உள்ளே, பேரேரிகளின் நீர் எல்லாம் ஒன்றுகூடி நம் வாசலைக் கடக்கிறது. சராசரியாக விநாடிக்கு 8,000 கன மீட்டருக்கு மேல். ஒரு விநாடிக்கு! நான் இந்த வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எவ்வளவு நீர் போயிருக்கும் என்று கணக்குப் பாருங்கள்.

அந்த ஆறு தீவின் மேற்குக் கோடியில் அகன்று ஏரியாகிறது. அதுதான் லாக் சென்ட்-லூயி. வடமேற்கில் ஒட்டாவா ஆறு விரிந்து லாக் டே டூ மொன்டான் ஆகிறது. இரண்டு ஆறுகளும் ஒன்றுசேரும் இடத்தில் ஒட்டாவாவின் பழுப்பு நீரும் பேரேரிகளின் பச்சை நீரும் உடனே கலந்துவிடாமல் அருகருகே வெகுதூரம் ஓடுகின்றன. அதற்குக் கீழே, ஆறு பாறைகள் மேல் பாய்ந்தோடும் லஷீன் விரைவோட்டம். எவ்வளவு குளிர் வந்தாலும் அந்த நுரைக்கும் நீர் முழுவதுமாக உறைவதில்லை. இந்த வேறுபாடுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆறு, ஆனால் ஓரிடத்தில் ஏரி, ஓரிடத்தில் விரைவோட்டம், ஓரிடத்தில் துறைமுகம். ஆகவே ஒரே ஆற்றில் ஒரே பனி இருக்க முடியாது.

சரி, ஆறு எப்படி உறைகிறது?

பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். தண்ணீர் 4 பாகை செல்சியஸில் மிகக் கனமாக இருக்கும். அந்த நீர் அடியில் தங்கும், அதைவிடக் குளிர்ந்த நீர் மேலே மிதந்து உறையும், மீன்கள் அடியில் இளஞ்சூட்டில் பிழைத்துக்கொள்ளும். அழகான பாடம். ஆழமான ஏரிக்கு அது பொருந்தும். ஆனால் ஓடும் ஆற்றுக்குப் பொருந்தாது! ஓட்டம் மேல்நீரையும் அடிநீரையும் இடைவிடாமல் கலக்கிக்கொண்டே இருக்கிறது. நடுக்குளிர்காலத்தில் இந்த ஆறு மேலிருந்து அடி வரை ஏறக்குறைய 0 பாகைதான். ஆற்று மீனுக்கு ஒளிந்துகொள்ளச் சூடான மூலை கிடையாது. அது தேடுவது சூட்டை அல்ல, ஓய்வை. ஓட்டம் அடித்துப் போகாத குடாவை, தீவின் பின்புறத்தை, நீர்ப்பாசி அடர்ந்த தாழ்ந்த இடத்தைத் தேடுகிறது. இதை அறிந்தவருக்கு மீன் இருக்கும் இடமும் தெரியும், பனி உறுதியாக இருக்கும் இடமும் தெரியும். ஏனென்றால் ஓட்டம் தணிந்த அதே இடத்தில்தான் பனியும் முதலில் பிடிக்கிறது.

ஓட்டம் தணியாத இடத்தில் என்ன நடக்கிறது? விரைவோட்டத்தில் திறந்து கிடக்கும் நீர் பூச்சியத்துக்கும் ஒரு துளி கீழே குளிர்கிறது. உறைய இடம் கிடைக்காமல் ஓடிக்கொண்டே ஊசி ஊசியாய்ப் பனித்துகள் ஆகிறது. இதை ஃபிராசில் என்கிறார்கள். தொட்ட இடத்தில் ஒட்டும். குடிநீர் எடுக்கும் குழாய் வாயில் ஒட்டினால் வாயை அடைத்துவிடும். ஓட்டத்தோடு போய்ப் பனித்தளத்தின் அடியில் ஒட்டினால், மேலே ஒன்றுமே தெரியாமல் அடியில் மதில் எழும்பும். மதில் எழும்பினால் நீர் என்ன செய்யும்? பக்கத்தில் வழி தேடும், வேகம் எடுக்கும், வேகத்தில் மேலிருக்கும் பனியைத் தின்னும். நேற்று உறுதியாக இருந்த இடம் இன்று மெலிந்திருக்கும். மேலே வெண்பனி மூடி எல்லா இடமும் ஒன்றுபோல் தெரியும். ஆனால் கீழே ஆறு ஓடுகிறது.

இந்தப் பாடத்தை இந்த நகரம் தொடக்கத்திலேயே படித்தது. அதுவும் அடிபட்டுப் படித்தது. 1642இல், ஊர் தொடங்கிய முதல் குளிர்காலத்திலேயே ஆறு பெருகிக் கோட்டை வாசல் வரை வந்தது. வெள்ளம் வடிந்தால் மலை மேல் சிலுவை நாட்டுவேன் என்று நேர்ந்துகொண்ட, ஊரை நிறுவிய மேசொன்னேவ், 1643 ஜனவரியில் அதைத் தம் தோளில் சுமந்து ஏறினார். மவுன்ட் ராயல் மேல் இரவில் ஒளிரும் சிலுவையைத் தினமும் பார்க்கிறீர்கள் அல்லவா? அதன் கதை தொடங்குவது ஒரு குளிர்கால வெள்ளத்தில்தான்.

1886 ஏப்ரலில் பனிப்பாளங்கள் ஆற்றை அடைத்தன. நகரத்துக் கிரிஃபின்டவுன் தெருக்களில் படகு ஓடியது. அதற்கு முன்பே, 1859இல் ரயில் ஓடத் தொடங்கிய விக்டோரியா பாலத்தின் தூண்களைப் பாருங்கள். மேலோட்டப் பக்கம் சாய்ந்து கூர்ந்து நிற்கின்றன. அழகுக்காகவா? மோதிவரும் பனிப்பாளம் அதன் மேல் ஏறித் தன் எடையாலேயே முறிவதற்காக! கட்டியவர்கள் ஆற்றை மதித்தார்கள், அதனால்தான் அந்தத் தூண்கள் இன்றும் நிற்கின்றன.

மதித்தவர்களும் உண்டு, துணிந்தவர்களும் உண்டு. 1880இல் இந்த ஆற்றின் பனியின் மேல் தண்டவாளம் போட்டு ரயில் விட்டார்கள்! பாலம் ஒரு கம்பெனியின் கையில் இருந்தது. போட்டிக் கம்பெனிக்கு அக்கரை போக வழியில்லை. அதனால் பனியின் மேல் மரக்கட்டைகளை அடுக்கி, தண்ணீர் ஊற்றி உறையவைத்து, அதன் மேல் தண்டவாளம் பதித்து, ஓஷலாகா கரையிலிருந்து லோங்கேய் கரைக்கு ரயிலை ஓட்டினார்கள். மறு ஆண்டு ஜனவரியில் பனி உடைந்து எஞ்சின் ஆற்றுக்குள் போனது. 1883க்குப் பிறகு அந்தப் பாதை இல்லை. ஓர் எஞ்சினையே தாங்கிய பனி அது. எஞ்சினை விழுங்கியதும் இதே ஆற்றின் பனிதான். ஒருமுறை தாங்கியது என்பது மறுமுறை தாங்கும் என்பதற்கு உறுதிச்சீட்டு ஆகுமா?

இன்னும் ஒன்று. நாம் நிற்கும் பனி இன்று முழுவதும் இயற்கை தந்தது என்று நினைக்காதீர்கள். குளிர் இறுகிப் பனி பிடிக்கும் நாட்களில், மேலோட்டத்தில் கார்ன்வால் அருகே உள்ள மோசஸ்-சாண்டர்ஸ் அணையில் நீர் வெளியேற்றத்தைக் குறைக்கிறார்கள். எதற்காக? ஓட்டம் தணிந்து, மேற்பரப்பு ஒரே தளமாக மூடிக்கொள்ள வேண்டும் என்பதற்காக. மூடிக்கொண்டால் ஃபிராசில் உருவாகாது, அடைப்பு வராது. மூடிய பிறகு மறுபடி நீரைக் கூட்டுகிறார்கள். ஆறு உறைவதற்கும் காவல் வைத்திருக்கிறோம்!

நகரத்துக்குக் கீழே நிலைமை நேர்மாறு. அங்கே ஆறு உறையக் கூடாது என்று காவல் வைத்திருக்கிறோம். 1964 ஜனவரி 4ஆம் தேதி ஹெல்கா டான் என்ற டேனிஷ் கப்பல் பனியைக் கிழித்துக்கொண்டு மொன்றியல் துறைமுகத்துக்குள் வந்தது. அதன் பிறகு குளிர்காலம் முழுவதும் கப்பல் வருகிறது. பனியுடைக்கும் கப்பல்கள் நடுவழியைத் திறந்தே வைத்திருக்கின்றன. எக்ஸ்போ 67 பொருட்காட்சிக்கான தீவுகளைப் பனிப்பாளங்களிடமிருந்து காக்க, 1965இல் ஷாம்ப்ளேன் பாலத்தின் பக்கத்தில் சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு தடுப்பே கட்டினார்கள். கோடையில் அதன் மேல் சைக்கிள் ஓட்டுகிறோம். ஆக, நகரத்துக்கு மேலே குளிர்கால அமைதி, நகரத்துக்குக் கீழே கப்பல் அலை. கப்பல் போன பின் எழும் அலை கரையோரப் பனியை அடியிலிருந்து தூக்கி விரிசல் விடும். எங்கே நிற்பது என்பதை இதையும் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

இப்போது உங்களை லாக் சென்ட்-லூயி ஓரத்துக் குடா ஒன்றுக்கு அழைத்துப் போகிறேன்.

விடிந்து சிறிது நேரம். மூச்சு மீசையில் உறைகிறது. எனக்கு இந்த வித்தையைக் காட்டித் தந்த கியூபெக் பெரியவர் ஒருவர் முன்னால் நடக்கிறார். கையில் ஒரு கடப்பாரை. யாழ்ப்பாணத்தில் நாம் அலவாங்கு என்போமே, அதேதான். இரண்டடிக்கு ஒருமுறை முன்னால் ஓங்கிக் குத்துகிறார். கணீர் என்று ஓசை வந்தால் கால் முன்னே போகிறது. ஓசை மங்கினால் கால் அங்கேயே நிற்கிறது. பத்தடி போனதும் துளைக்கருவியை நட்டுச் சுற்றுகிறார். வெள்ளைத் தூள் பறக்கிறது. பிறகு சாம்பல் தூள். பிறகு ஈரம். திடீரென்று கருவி வழுக்கி இறங்குகிறது, கறுத்த நீர் பொங்கித் துளையின் விளிம்பு வரை ஏறி நிற்கிறது. மிதக்கும் பனித்தூளை ஜல்லிக்கரண்டி போன்ற ஒரு நீண்ட கரண்டியால் அள்ளி வீசுகிறார். முனையில் கொக்கியுள்ள கோலை இறக்கி, பனியின் அடிவிளிம்பில் மாட்டி, தடிப்பை அளக்கிறார். அளந்த பின்பும் உடனே தூண்டிலைத் தொடவில்லை. கையுறையால் துளையின் சுவரைத் துடைத்து என்னைப் பார்க்கச் சொல்கிறார். மேலே வெள்ளைப் படலம், கீழே கறுநீலப் படலம். வெள்ளை, ஈரவெண்பனி உறைந்தது, காற்றுக்குமிழ் நிறைந்தது, வலிமை பாதிதான். கறுநீலம், ஆற்றுநீர் மெல்ல மெல்ல உறைந்தது. அதுதான் நம்மைத் தாங்குவது. நாற்பது குளிர்காலம் இந்த ஏரியில் மீன் பிடித்த மனிதர், ஒவ்வொரு காலையும் புதிதாய் வந்தவரைப் போலவே அளக்கிறார். அனுபவம் என்பது அளப்பதை நிறுத்துவது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்!

எவ்வளவு தடிப்பு வேண்டும்? ஒருவர் நடக்க 15 சென்டிமீட்டர், கூட்டமாய் விளையாட 20, ஸ்னோமொபைல் ஓட்ட 25 என்று கனடியச் செஞ்சிலுவைச் சங்கம் அறிவுறுத்துகிறது. தெளிந்த பனிக்குச் சொன்ன கணக்கு இது. வெள்ளைப் பனி என்றால் இரட்டிப்பு வேண்டும். பாலத் தூணின் பக்கம், ஓடை வந்து கலக்கும் வாய், படகுத்துறைக் கட்டைகளின் ஓரம், இந்த இடங்களில் எந்தக் கணக்கும் செல்லாது. வெண்பனி தடிப்பாக மூடிய இடமும் ஏமாற்றும். அது போர்வையாகி அடியில் பனி தடிப்பதைத் தடுக்கிறது.

தவறி விழுந்தால்? பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, பிழைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் தம் உடலையே பனிநீரில் இறக்கி ஆராய்ந்தவர். அவர் சொல்லித் தந்த கணக்கு மூன்று எண்கள்: 1, 10, 1. முதல் 1 நிமிடம் மூச்சு வாரி வாரி இழுக்கும். பதறாமல் மூச்சைக் கட்டுப்படுத்துங்கள். அடுத்த 10 நிமிடம் கை கால் உங்கள் சொல் கேட்கும், அதற்குள் வெளியேறுங்கள். கடைசி 1 மணி நேரம் வரை நினைவு தங்கியிருக்கும். அதுவரை உதவிக்கு நேரம் உண்டு. வந்த வழியை நோக்கித் திரும்புங்கள். ஏன்? அந்தப் பனிதான் சற்று முன்பு வரை உங்களைத் தாங்கியது. கழுத்தில் தொங்கும் இரண்டு கூர்முனைகளைப் பனியில் குத்தி, காலை உதைத்து, வயிறு தவழ ஏறி, எழுந்து நிற்காமல் உருண்டு போங்கள். அந்தக் கூர்முனைகளின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டு விலை. அதை வாங்காமல் யாரும் ஆற்றுக்குப் போகாதீர்கள். தனியாகவும் போகாதீர்கள். பனியின் மேல் அமைத்த மீன்பிடிக் குடிலுக்குள் அடுப்பு மூட்டினால் காற்று வழியை அடைக்காதீர்கள். கார்பன் மொனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

பனி முடிந்தது. இனி மீனுக்கு வருகிறேன்.

இங்கே பனியில் மீன் பிடிப்பவர் கையில் பெரிய கோல் இருக்காது. முழங்கை நீளக் குறுந்தூண்டில் ஒன்று, அல்லது துளைக்கு மேல் நாட்டிய பிரம்பால். பிரம்பால் என்பது ஒரு குச்சியின் மேல் ஏறி இறங்கும் இன்னொரு குச்சி. ஒரு முனையில் தங்கூசி நூல் கட்டியிருக்கும். கீழே மீன் இழுத்தால் மேலே குச்சி சாயும். பாட்டரி இல்லை, மணி இல்லை. தூரத்திலிருந்து ஒரு பிள்ளை "சாய்ந்துவிட்டது!" என்று கத்தினால் எல்லோரும் ஓடுவார்கள்.

பொதுவாகக் கிடைப்பது பெர்ச். ஒரு கையளவு மீன். துளையிலிருந்து மேலே வரும்போது பாருங்கள்: பொன்பச்சை உடல், அதில் குறுக்கே கறுத்த பட்டைகள், அடிச் செட்டைகள் செம்மஞ்சள். வெள்ளையும் சாம்பலும் தவிர வேறு நிறமே இல்லாத அந்த வெளியில் அந்தச் செம்மஞ்சள் கண்ணைக் குத்தும். பெர்ச் பகலில் கூட்டமாய்த் திரியும். வால்ஐ மீனின் கண் மங்கிய ஒளியிலும் பார்க்கும். அது அந்தியில் இரைதேட வரும். பைக் மீன் பாசிக்குள் அசையாமல் காத்திருக்கும். பர்பட் என்றொரு மீன் இருக்கிறது. மற்ற மீன்கள் வசந்தத்துக்குக் காத்திருக்க, அது இந்த நடுக்குளிரில், பனிக்கு அடியில், இருட்டில் முட்டையிடுகிறது! பனிக்காலம் என்றால் எல்லாம் உறங்கும் காலம் என்றா நினைத்தோம்? இல்லை. கீழே ஆறு ஓடுகிறது, ஓடும் ஆற்றில் வாழ்க்கையும் ஓடுகிறது.

கீழோட்டத்தில் சென்ட்-ஆன்-டி-லா-பெராட் என்ற சிற்றூரைச் சொல்லாமல் போக முடியாது. செயின்ட் லாரன்ஸுக்குள் வந்து விழும் சென்ட்-ஆன் ஆற்றின் கரையில் உள்ள ஊர். 1938இல் அங்கே பனிக்கட்டி அறுத்துக்கொண்டிருந்த எழேன் மயோ, கீழே கூட்டம் கூட்டமாய்ச் சிறுமீன் போவதைக் கண்டார். அது டாம்காட், முட்டையிடக் கடல்வாயிலிருந்து ஏறி வருவது, உடலில் உறைவைத் தடுக்கும் புரதம் சுமந்து வருவது. அன்று தொடங்கியது இன்று திருவிழா. பனி பிடித்ததும் அந்த ஆற்றின் மேல் வண்ணக் குடில்கள் வரிசை வரிசையாய் முளைக்கின்றன, தெரு உண்டாகிறது, மின்விளக்கு எரிகிறது. அண்மைக் குளிர்காலங்கள் சிலவற்றில் பனி பிந்திப் பிடித்து, முந்திக் கரைகிறது. அந்த ஊருக்கு அது வானிலைச் செய்தியா? அது வருமானம், அது வாழ்வு.

மீன் கிடைக்கும் என்பதால் எவ்வளவும் எடுக்கலாமா? நமக்கு ஒரு பாடம் பக்கத்திலேயே இருக்கிறது. லாக் சென்ட்-பியேர், நம் ஆறு கீழே போய் மறுபடி அகலும் இடம். ஒருகாலத்தில் பெர்ச் மீனுக்குப் பேர்போன ஏரி. 2012இல் அங்கே பெர்ச் பிடிக்கவே தடை போட்டார்கள். பிறகு தடையை நீட்டினார்கள். தூண்டில்காரர்கள் மட்டும் குற்றவாளிகளா? இல்லை. வசந்த வெள்ளத்தில் மூழ்கும் புல்வெளிதான் பெர்ச் முட்டையிடும் இடம். அது உழவு நிலமாகிவிட்டது. உரமும் மண்ணும் கரைந்து வந்து நீர்த்தாவரங்களை அழித்தன. கோடரி விழுந்தது நிலத்தில். காயம் பட்டது மீனுக்கு. தடை போட்டால் மட்டும் மீன் திரும்பாது, அது வளரும் இடமும் திரும்ப வேண்டும்.

முயன்றால் இழந்தது திரும்பும் என்பதற்கும் சான்று இருக்கிறது. 1960களில் இந்த ஆற்றிலிருந்து மறைந்துபோன கோடுபோட்ட பாஸ் மீனை 2002இலிருந்து மறுபடி விட்டார்கள். அது இன்று ஆற்றில் தானே இனம்பெருக்குகிறது. அழிக்கவும் நம்மால் முடியும், திருப்பிக் கொண்டுவரவும் நம்மால் முடியும். எதைச் செய்யப்போகிறோம் என்பதுதான் கேள்வி.

அதனால்தான் விதிகள். மீன்பிடி உரிமம் எடுக்க வேண்டும். வால்ஐ மீனை 37 சென்டிமீட்டருக்கும் 53 சென்டிமீட்டருக்கும் இடையே இருந்தால்தான் வைத்துக்கொள்ளலாம். சிறியது இன்னும் முட்டையிடாதது; பெரியது நிறைய முட்டையிடுவது; இரண்டையும் விட்டுவிட வேண்டும். உயிருள்ள இரைமீன் கூடவே கூடாது. ஏன்? வாளியில் மிஞ்சியதை ஆற்றில் கொட்டிவிட்டுப் போவோம், அதோடு ஆற்றுக்குச் சேராத இனம் ஒன்றும் சேர்ந்து போகும். 2016இல் கோன்ட்ரகேர் அருகே செயின்ட் லாரன்ஸில் புல்தின்னிக் கெண்டை ஒன்று சிக்கியது. ஆசியாவிலிருந்து வந்த அந்த இனம் பெருகினால் நீர்த்தாவரங்கள் போய்விடும், பெர்ச்சும் போய்விடும். இன்னொன்று: விட்டுவிடப்போகும் மீனைப் பனியின் மேல் போட்டு வைத்துப் படம் எடுக்காதீர்கள். −15 பாகையில் அதன் கண்ணும் செவுளும் விரைவில் உறையத் தொடங்கும். நீருக்குத் திரும்பினாலும் அது பிழைக்காமல் போகலாம்.

மூன்றாவதாக, நீர். இதைத்தான் உரக்கப் பேச வேண்டும்.

அந்தத் துளையில் ஏறி நின்ற நீர்தான் நம் குழாயில் வருவது. நாம் குடிக்க எடுப்பது ஆற்றின் மேற்பகுதியில். கழித்து விடுவது தீவின் கிழக்குக் கோடியில், கீழ்ப்பகுதியில். 1980களின் நடுப்பகுதி வரை இந்தப் பெருநகரத்தின் கழிவுநீரில் பெரும்பகுதி சுத்திகரிக்கப்படாமலே ஆற்றில் விழுந்தது. நம்ப முடிகிறதா? பின்னர் உலகின் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களில் ஒன்றைக் கட்டினார்கள். ஆனால் கிருமி நீக்கும் ஓசோன் பிரிவு ஆண்டுக்கணக்கில் தள்ளித் தள்ளிப் போனது. 2015 நவம்பரில், கழிவுக் குழாயைப் பழுதுபார்க்க 800 கோடி லிட்டர் கழிவுநீரை நேராக ஆற்றில் விடத் திட்டமிட்டு, கடைசியில் ஏறத்தாழ 490 கோடி லிட்டர் விட்டார்கள். ஊரெல்லாம் கொதித்தது. ஏன் கொதித்தது? ஆறு தங்களுடையது என்று நினைக்கும் மக்கள் இருந்ததால்! படகுக்காரர் இருந்தார், நீந்துபவர் இருந்தார், குளிரில் துளையிட்டுப் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொரித்துத் தின்பவர் இருந்தார். ஆற்றிலிருந்து உண்பவருக்கு ஆறு வெறும் காட்சி ஆகாது.

உண்பவர் ஒன்றை அறிந்தே உண்ண வேண்டும். பாதரசம் மீனுக்கு மீன் ஏறிச் சேர்வது. சிறிய பெர்ச்சில் குறைவு. மற்ற மீனைத் தின்று முதிர்ந்த பெரிய பைக், பெரிய வால்ஐ மீன்களில் கூடுதல். கர்ப்பிணித் தாய்மாரும் சிறு பிள்ளைகளும் அந்தப் பெரிய மீன்களைக் குறைத்துக்கொள்ள வேண்டும். எந்த நீரில் எந்த மீனை மாதத்துக்கு எத்தனை தரம் உண்ணலாம் என்று கியூபெக் அரசின் வழிகாட்டியில் இருக்கிறது. பார்த்துவிட்டுச் சட்டி வையுங்கள்.

ஆறு நம்முடையது என்றேன். அதைச் சொல்லும்போது ஆற்றின் அக்கரையைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அங்கே கானாவாகே இருக்கிறது. மோஹாக் மக்களின் ஊர். நமக்கும், பிரெஞ்சுக்காரர்களுக்கும், ஆங்கிலேயர்களுக்கும் முன்பே இந்த ஆற்றோடு வாழ்ந்த முதற்குடிகளின் வழிவந்தவர்கள் அவர்கள். 1950களில் கப்பல் கால்வாய் வெட்டுவதற்காக அவர்களின் நிலத்தைப் பறித்தார்கள். 1959இல் கால்வாய் திறந்தது. உலகத்துக்கு வழி கிடைத்தது. அந்த ஊருக்கும் அதன் ஆற்றுக்கும் நடுவே கால்வாய் வந்து நின்றது. தலைமுறை தலைமுறையாய் வீட்டு வாசலில் இருந்த ஆறு எட்டாத தூரம் போனது. வாழ்ந்த கரையை இழப்பது என்ன என்று 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து இங்கே வந்து சேர்ந்த நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே இந்த ஆற்றின் மேல் கால் வைக்கும்போது பணிவோடு வைப்போம்.

பணிவு நமக்குப் புதிதா? சோளகக் காற்று எப்போது எழும், வாடைக் காற்று எப்போது திரும்பும் என்று பார்த்துப் பார்த்துக் கடலில் இறங்கியவர்களின் ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். நீரோட்டம் தெரியாமல் வலை விடாதே என்று சொல்லி வளர்த்த சமூகம். நீர் வேறு, குளிர் வேறு, மீன் வேறு. ஆனால் அந்த அறிவின் குணம் ஒன்றுதான். இறங்குமுன் பார். பார்த்தபின் அள. அளந்தபின் அளவோடு எடு. இதை நம் பிள்ளைகள் கியூபெக் பிள்ளைகளோடும் மோஹாக் பிள்ளைகளோடும் சேர்ந்து இந்த ஆற்றிலேயே கற்கலாமே! குளிர்காலம் முழுவதும் சன்னலுக்குப் பின்னால் இருந்து வசந்தத்தை எண்ணிக்கொண்டிருப்பவர் இந்த ஊரில் பாதி ஆண்டுதான் வாழ்கிறார்.

அன்பர்களே, முடிக்குமுன் மூன்று வேண்டுகோள்.

முதல் வேண்டுகோள், இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் ஒருமுறையாவது, அறிந்த ஒருவரோடு, உரிமத்தோடும் கழுத்தில் கூர்முனைகளோடும் அந்தப் பனியின் மேல் போய் நில்லுங்கள். உங்கள் கையாலேயே துளையிட்டு, உங்கள் கையாலேயே தடிப்பை அளந்து பாருங்கள். பிள்ளைகளையும் அளக்க விடுங்கள். இரண்டாவது வேண்டுகோள், எடுத்தால் ஒரு வேளைக்கு எடுங்கள். மிச்சத்தை ஆற்றிடமே விடுங்கள். கொண்டுபோன எதையும் பனியின் மேல் விட்டுவராதீர்கள், பனி கரையும்போது அது ஆற்றுக்குள் போகும். மூன்றாவது வேண்டுகோள்தான் பெரியது: நகரசபையில் கழிவுநீர் பற்றிக் கூட்டம் நடந்தால் போங்கள். போய்க் கேளுங்கள். ஓசோன் பிரிவு என்ன ஆனது என்று கேளுங்கள். மழை பெய்தால் எந்தக் குழாய் ஆற்றில் திறக்கிறது என்று கேளுங்கள். தமிழில் நினைத்து, பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ கேளுங்கள். பதில் வரும் வரை கேளுங்கள்!

வாக்குரிமை உள்ளவர் நகரத்தின் குடிமகன். ஆற்றுக்காகக் கேள்வி கேட்பவர் ஆற்றின் குடிமகன். நாம் இரண்டுமாக இருப்போம்.